மெர்சி: ஐ-யா, ஒய்-யா?

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவருக்குப் பிரான்சில் பேத்தி பிறந்திருக்கிறாள். மகனும் மருமகளும் குழந்தைக்கு 'செரீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பிரெஞ்சில் செரீஸ் என்றால் செர்ரிப் பழம். கடற்கரையில் நடை முடித்து உட்கார்ந்தபோது மனிதர் குமுறிவிட்டார். "நாலு தலைமுறையா எங்க வீட்ல குலதெய்வத்தோட பேருதான். இப்ப பழக்கடையில இருந்து பேரு எடுத்துட்டு வர்றானுங்க!"

ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். கனிமொழி என்று வைத்தால் மட்டும் இனிக்கிறதா என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. பெயர் விஷயத்தில் கருத்து சொல்லும் யோக்கியதையை நான் 1986-லேயே இழந்தவன். அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது புதுச்சேரிப் பக்கம் ஒரு கொம்யூன் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். வயது முப்பத்து நான்கு. ஆங்கிலம் நன்றாக வரும் என்ற திமிர் உண்டு. மனுக்களில் எழுத்துப் பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் ஐம்பதை நெருங்கும் ஒருவர் வந்து நின்றார். ஒரு சொல்தா வீட்டில் குசினி வேலை பார்ப்பவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர் ஆட்களுக்கு 'சொல்தா' என்று பெயர். குசினி என்றால் சமையலறை. கலியாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தார்கள். 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு அதற்குத்தான். பெயரைப் பிறகு வந்து சொல்லிப் பதிந்துகொள்ளலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

"என்ன பேரு?" என்றேன்.

"மெர்சி சார்."

அவர் நீட்டிய மனுவோடு ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் அழகான சாய்ந்த கையெழுத்தில் ரோமன் எழுத்துகளில் பெயர். ஆனால் கடைசி எழுத்து ஒய்-க்குப் பதில் ஐ. நான் பேனாவை எடுத்தேன்.

"சார், அது ஐ-தான் சார். மதாம் எழுதிக் குடுத்தாங்க."

"மெர்சிக்கு ஒய்தான்யா வரும். உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரை 'நீ' என்றுதான் பேசினேன். அந்தக் காலத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினோம் என்பது உண்மை. அது எனக்குச் சமாதானம் ஆகாது என்பதும் உண்மை. துண்டுக் காகிதத்தில் இருந்த ஐ மேலேயே ஒரு ஒய்யை அழுத்தி எழுதினேன். பதிவேட்டிலும் அப்படியே ஏற்றினேன். பதிவாளர் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபிறகு அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. "மெர்சின்னா நன்றி இல்ல? நாளைக்கு இன்னொருத்தன் போன்ழூர்னு பேரு வைப்பான், இன்னொருத்தன் பர்தோன்னு வைப்பான்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் சொன்னது கிறிஸ்தவப் பெயரான மெர்சி இல்லை. அது பிரெஞ்சு மெர்சி. பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த குழந்தைக்கு 'நன்றி' என்று பெயர் வைக்க வந்திருக்கிறார். மதாம் வீட்டில் அவர் முதன்முதலில் கற்ற பிரெஞ்சு வார்த்தையும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

உறைத்தது, ஆனால் எழுந்து ஓடிப்போய் அவரைக் கூப்பிடவில்லை. நன்றி என்று யாராவது பெயர் வைப்பார்களா, நான் செய்தது நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யாராவது வைப்பார்களா? பிற்பாடு வெகுகாலம் கழித்து இதைத் தேடிப் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை.

முதலில் ஒரு வேடிக்கை. நான் அடித்த ஐ-யும் நான் எழுதிய ஒய்-யும் உண்மையில் ஒரே சொல். இரண்டுக்கும் வேர் லத்தீனில் 'மெர்செஸ்'. அதற்குப் பொருள் கூலி, விலை. சரக்கு என்ற பொருளுள்ள 'மெர்க்ஸ்' என்ற சொல்லோடு உறவு. மெர்ச்சன்ட், காமர்ஸ் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சந்தையில் புழங்கிய இந்தக் கூலி, தேவாலய லத்தீனுக்குள் போனதும் மறுமையில் கிடைக்கும் கூலியாகி, பிறகு கடவுள் காட்டும் கருணையாகிவிட்டது. பழைய பிரெஞ்சில் மெர்சி என்றால் இரக்கம், தயவு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்தில் புகுந்த எத்தனையோ பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. அங்கே போனது அந்தப் பழைய பொருளிலேயே நின்றுவிட்டது. தூக்குத் தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்குப் போடும் கருணை மனுவை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்கிறோம். பிரான்சிலேயே தங்கிய சொல் மெல்ல மெல்ல நன்றியாகிவிட்டது. 'உங்கள் தயவு' என்று சொல்லிச் சொல்லியே அது நன்றியாகியிருக்க வேண்டும். நம் ஊரிலும் 'எல்லாம் உங்க தயவு' என்பது நன்றி சொல்வதுதானே. பழைய பொருளும் அங்கே அடியோடு போகவில்லை. 'ஒருவன் தயவில் கிடப்பது' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் மெர்சியைத்தான் போடுகிறார்கள்.

இந்தச் சொல்லைப் பெயராக வைத்தவர்கள் யார் என்று பார்த்தால், ஆளாளுக்கு ஒரு காரணம்.

ஸ்பெயினில் 'மெர்சேதெஸ்' என்பது கன்னி மரியாளின் பட்டங்களில் ஒன்றிலிருந்து வந்த பெண் பெயர். 1218-ல் பார்சலோனாவில் பீட்டர் நொலாஸ்கோ தொடங்கிய துறவிகள் சபை அந்த மாதாவின் பெயரில் இயங்கியது. முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பது அதன் வேலை. விலை, கருணை என்ற இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். வியன்னாவில் 1889-ல் பிறந்த ஒரு பெண்ணையும் மெர்சேதெஸ் என்று அழைத்தார்கள். அவளுடைய அப்பா எமில் யெல்லினெக், பிரான்சின் நீஸ் நகரத்தில் டைம்லர் கார்களை விற்ற வியாபாரி. மகள் பெயரிலேயே கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டார், மகள் பெயரையே காருக்கும் வைக்கச் செய்தார். 1902-ல் அது வணிகப் பெயராகப் பதிவானது. மறு வருஷம் தன் பெயரோடும் அதைச் சேர்த்துக்கொண்டார். மகளின் பெயரை அப்பா எடுத்துக்கொண்ட கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் குணங்களையே பெயராக வைத்தார்கள். கிரேஸ், பேஷன்ஸ், புரூடென்ஸ், மெர்சி. ஜான் பனியனின் மோட்சப் பயண நூலின் இரண்டாம் பாகம் 1684-ல் வந்தது, அதில் மெர்சி என்றே ஒரு பெண் வருகிறாள். அந்தப் பனியனின் நூலைத் தழுவித்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் மெர்சிகளும் கிரேஸ்களும் நிறைந்தது இந்தப் புராட்டஸ்டண்ட் வழியாகத்தான். ஆக, என் பேனாவில் வந்த ஒய் பியூரிட்டன் ஒய். அந்தச் சமையற்காரருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

அப்படியானால் நன்றி என்ற பொருளில் யாரும் வைத்ததே இல்லையா? இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவில். கால்பந்து பார்ப்பவர்களுக்கு தியெமெர்சி எம்பொகானியைத் தெரியும். 1985-ல் கின்ஷாசாவில் பிறந்து பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணிக்கு ஆடியவர். 'தியெ மெர்சி' என்றால் கடவுளுக்கு நன்றி. எழுத்தும் ஐ-தான்! காங்கோவில் இது சகஜம். பொக்கிஷம் என்று பொருள்படும் திரெஸோர், அற்புதம் என்று பொருள்படும் மெர்வேய், வாரிசு என்று பொருள்படும் எரித்தியே எல்லாம் அங்கே மனிதர்களின் பெயர்கள். இத்தனைக்கும் அதே நாட்டில் 1972-ல் அதிபர் மொபூட்டு, ஐரோப்பியப் பெயர்களே கூடாது, எல்லாரும் ஆப்பிரிக்கப் பெயருக்கு மாறுங்கள் என்று உத்தரவு போட்டார். அவருடைய சொந்தப் பெயரே ழோசெஃப் தெஸிரே. தெஸிரே என்றால் விரும்பிப் பெறப்பட்டவன். அதை உதறிவிட்டு அவர் செசே செக்கோ ஆனார். அரசாங்கம் போன பாதை ஒன்று, ஜனங்கள் போன பாதை வேறு.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. வரிசையாகப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு, பிறந்த குழந்தைகள் தங்காவிட்டால் பிச்சை, குப்பம்மாள். எங்கள் அலுவலகப் பதிவேடுகளில் இவை பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. குப்பம்மாளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய என் கை, நன்றியைக் கண்டு ஏன் நின்றது என்பதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

பிரான்சுக்காரர்களே இதில் பெரிய தாராளம் காட்டியவர்கள் அல்ல. புரட்சியாண்டு 11, ழெர்மினால் மாதம் 11, அதாவது நம் கணக்கில் 1803 ஏப்ரல் 1 அன்று அங்கே ஒரு சட்டம் வந்தது. நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும், பழங்கால வரலாற்று மனிதர்களின் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு வைக்கலாம். நம் நண்பர் பேத்தியின் செரீஸ் என்ற பெயரே 1981-ல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை ஏறித்தான் இறங்கியது. பெற்றோர் பக்கம்தான் தீர்ப்பு. புரட்சிக்காரர்களின் நாட்காட்டியில் பெரும்பாலான நாட்களுக்கு ஒரு செடி, பழம், பிராணி அல்லது கருவியின் பெயர் உண்டு. செர்ரிக்கும் அதில் ஒரு நாள் இருக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப பழக்கடை இல்ல, பஞ்சாங்கம்ன்றீங்க" என்று கொஞ்சம் தணிந்தார்.

1993 ஜனவரி 8-ஆம் தேதிச் சட்டம் அந்தப் பழைய கட்டுப்பாட்டை நீக்கியது. இப்போது பெற்றோர் சொல்வதைப் பதிவாளர் எழுதியே ஆக வேண்டும். பெயர் குழந்தைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், நீதிபதி முடிவு செய்வார். வட பிரான்சில் வலான்சியென் நீதிமன்றம் 2014-ல் நுட்டெல்லா என்ற பெயரை எல்லா என்று மாற்றியது. ஸ்ட்ராபெரி என்று பொருள்படும் ஃப்ரேஸ் அதே நீதிமன்றத்தில் ஃப்ரேஸின் ஆனது. சரியோ தப்போ, அங்கே முதலில் எழுதுகிறார்கள், பிறகுதான் வழக்காடுகிறார்கள். மேஜைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர் தன் பேனாவால் தீர்ப்பு எழுதுவதில்லை.

நம் புதுச்சேரியில் பிரெஞ்சுச் சொல்லைப் பெயராக்கியவர்களில் தலையாயவர் பொன்னுத்தம்பி பிள்ளை. வழக்குரைஞர். 1873-ல் ஐரோப்பியர் போலக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரன் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்றது நீதிமன்றம். பாரீஸ் வரை வழக்குக் கொண்டுபோய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வந்தபோது, அவர் எடுத்துக்கொண்ட பெயர் 'லபோர்த்'. கதவு என்று அர்த்தம். பூட்டிய கதவைத் திறந்தவர் என்பதால் அந்தப் பெயர் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அர்த்தம் மட்டும் தெரிந்தவனுக்கு 'திருவாளர் கதவு' சிரிப்பாகத்தான் இருக்கும். காலணி விஷயம் தெரிந்தவன் சிரிக்கமாட்டான்.

1986-ல் எனக்கு லபோர்த் கதை தெரியும். அதுதான் இதில் வெட்கக்கேடு.

பதினெட்டு வருஷம் ஓடியது. 2004-ல் வேறு பிரிவுகளைச் சுற்றிவிட்டுக் கண்காணிப்பாளராக அதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். ஜூலை மாதம். ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள், நல்ல மதிப்பெண். கையில் பிறப்புச் சான்றிதழ்.

"சார், இதுல பேர்ல கடைசி எழுத்தை மாத்தணும்."

பெயரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அவள் சொன்னது இதுதான். கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். அவர்கள் பட்டியல் சாதி, இந்து. மேஜையில் இருந்தவர் பெயரைப் படித்துவிட்டு, "மெர்சியா? கிறிஸ்தவங்கதானே நீங்க?" என்று கேட்டிருக்கிறார். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964-ல் வந்தது. இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் தவிர மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. சந்தேகம் வந்ததால் விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஆள் வந்து சாமி அலமாரியைப் பார்த்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள் என்று அவள் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழ் கடைசியில் வந்தது, ஆனால் முதல் கலந்தாய்வு முடிந்த பிறகு.

"அப்பா இருந்தப்ப சொல்லுவாரு சார். நான் ஐ-தான் கேட்டேன், ஆபீஸ்ல மாத்திட்டாங்கன்னு. அது பிரெஞ்சு வார்த்தைன்னு சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க. ஐ இருந்தாலாவது காட்டலாமில்ல?"

"அப்பா…?"

"மூணு வருஷம் ஆச்சு சார்."

உட்காரச் சொன்னேன். 'வாம்மா, போம்மா' என்று வாய் வரவில்லை, 'நீங்க' என்றுதான் வந்தது. அவள் விநோதமாகப் பார்த்தாள்.

பதிவறைக்கு நானே போனேன். 1986-ஆம் வருஷக் கட்டு, செல்லரித்த ஓரங்கள். மனு இருந்தது. துண்டுக் காகிதமும் அதனோடு தைக்கப்பட்டிருந்தது. மதாமின் நீல மை வெளிறிப்போயிருந்தது. என் ஒய் மட்டும் கறுப்பாக, தடியாக, நேற்று எழுதியது போல நின்றது.

சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தவறான பதிவைத் திருத்தலாம். அதற்குத் தவறு எப்படி நேர்ந்தது என்று காட்ட வேண்டும். 'விண்ணப்பதாரர் தரப்பில் எழுத்துப் பிழை' என்று ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு ஓடிவிடும். அப்படித்தான் பெரும்பாலும் எழுதுவோம். அந்த வரியை எழுதவும் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: மனுதாரர் கொடுத்த எழுத்தை, அவர் ஆட்சேபித்தும், அன்றைய எழுத்தராகிய நான் மாற்றினேன். பதிவாளர் படித்துவிட்டு, "ரிட்டயர்மென்டுக்கு எட்டு வருஷம் இருக்கு, தேவையா?" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அன்னைக்கு மாத்தினது நான்தான்மா."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பா உங்கள திட்டவே மாட்டாரு சார். ஆபீசர் படிச்சவரு, அவருக்குத் தெரியும்னு சொல்லுவாரு" என்றாள். திட்டியிருந்தாலே தேவலை.

ஐ இருந்திருந்தால் அந்த விசாரணை வராமல் இருந்திருக்குமா? எனக்கு நிச்சயமில்லை. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுதானே. பெயரைக் கேட்டு மதத்தை முடிவுகட்டும் ஆசாமி எழுத்தைப் பார்த்து மனம் மாறியிருப்பாரா? அந்தக் கலந்தாய்வு போனதற்கு நான் எவ்வளவு பொறுப்பு, அவர் எவ்வளவு பொறுப்பு என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்கு நேராக வந்ததில்லை. பட்டியலில் மதத்தைச் சேர்த்திருப்பதே சரியா என்ற பெரிய வழக்கு வேறு இருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை.

15-ஆம் பிரிவில் ஒரு விசேஷம். பழைய பதிவை அழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் ஒய்-யும் இருக்கிறது, ஓரத்தில் ஐ-யும் இருக்கிறது. பள்ளி மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒய்-யோடு வந்துவிட்டதால் அவற்றை மாற்ற வேறு அலுவலகங்களுக்கு அலைய வேண்டும், பிரமாணப் பத்திரம், அரசிதழ் விளம்பரம் என்று செலவு. எல்லாவற்றுக்கும் நான் உடன் வருகிறேன் என்றேன். "பரவாயில்ல சார், இது ஒண்ணு போதும்" என்று சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். மறு வருஷம் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெற்ற 2012-ல் அவளுடைய கலியாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தது. மஞ்சள் தடவி, மேலே மாரியம்மன் படம் போட்டு, முழுக்கத் தமிழில் அச்சடித்திருந்தார்கள். மணமகள் பெயர் இருக்கும் இடத்தில் 'மெர்சி' என்று இருந்தது. தமிழில் எழுதினால் ஐ-யும் கிடையாது, ஒய்-யும் கிடையாது. நானும் என் மனைவியும் போயிருந்தோம். மொய்க் கவரின் மேல் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினேன், ஐ போட்டு.